தெருவுக்கே ஒரு கார்டு

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் சொல்வதை நம்பினால், என் அப்பா ஐந்து வருடத்தில் ஒரு சாண் வளர்ந்து, மறுபடி குறைந்து, இரண்டு தடவை குடல்வால் எடுக்கப்பட்டு, ஒரு தடவை கர்ப்பமாகவும் இருந்தார். நம்பியவர்களில் நானும் ஒருத்தி. அதுவும் சும்மா நம்பவில்லை. இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது என்று படிப்பதற்காகவே கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி இரண்டு வருடம் சென்னைக்குப் போய் வந்துகொண்டிருந்தவள்.

படிப்பின் பெயர் பயோமெடிக்கல் இன்ஃபர்மேடிக்ஸ். நோயாளிகளைப் பற்றிய தகவலைக் கம்ப்யூட்டரில் ஒழுங்காகச் சேர்த்து, அதிலிருந்து நோயைப் பற்றி ஏதாவது கண்டுபிடிக்கிற படிப்பு. இதை நான் எங்கள் தெருவில் வீடு வீடாக விளக்கியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டிவிட்டு, அப்போ ஊசி போடுவியா என்று கேட்டார்கள். போடமாட்டேன் என்றதும் மரியாதை பாதியாகக் குறைந்தது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு ஒருத்தர் வீங்கின முழங்காலைக் காட்டினார், இன்னொருத்தர் ஆன் ஆகாத லேப்டாப்பைக் கொண்டுவந்தார். இரண்டையும் தொட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். அத்தோடு அந்த மிச்சமும் போயிற்று.

எங்கள் ஊர் கவரப்பேட்டையிலிருந்து சத்தியவேடு போகிற ரோட்டில் இருக்கிறது. தெருவின் ஒரு முனையில் அம்மன் கோயில், மறுமுனையில் சர்ச். நடுவில் இருபத்தி இரண்டு வீடு. தாத்தா காலம்வரை எல்லாருமே அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், இப்போது எல்லாருமே சிப்காட். அப்பா ஒரு கம்பி ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் ப்ராஜெக்ட் செய்த அந்த வருடம் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கவலை, அப்பாவின் கால். ஷிப்ட் முடிந்து வந்து சேஃப்டி ஷூவைக் கழற்றினால், சாக்ஸின் விளிம்பு பதிந்த பள்ளம் ஒரு மணி நேரமானாலும் நிரம்பாது. கம்பெனியில் சொல்லி ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்கினார். கொஞ்ச நாளில் அதுவும் பற்றவில்லை. ஏற்கெனவே சர்க்கரை உள்ள மனுஷன். அம்மா நச்சரித்து நச்சரித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அவரும் போய்விட்டு வந்து, "ரத்தம் எட்த்தாங்க. எல்லாம் நார்மல்னு சொல்ட்டாங்க" என்பார். அம்மா அப்போதைக்கு அடங்குவார். கால் மட்டும் அடங்காது.

அந்த ஆஸ்பத்திரி பைபாஸ் ஓரத்தில் இருந்தது. சின்ன ஆஸ்பத்திரி, ஏதோ ஒரு டிரஸ்ட் நடத்தியது. முதல்முறை போகிறவர்கள் ஆதார் கொடுத்து, போனுக்கு வரும் ஓடிபியைச் சொல்லி, ஒரு பிளாஸ்டிக் கார்டு வாங்க வேண்டும். ஓடிபி வரும் போன் பெரும்பாலும் சிப்காட்டுக்குள் யாருடைய பாக்கெட்டிலாவது இருக்கும். உள்ளே ஷிப்டில் போனை எடுக்க விடமாட்டார்கள். அதனால் கார்டு வாங்கப் போனவர்கள் பாதிப் பேர் காய்ச்சலோடு போய்க் காய்ச்சலோடு திரும்பி வந்தார்கள். கார்டு ஏற்கெனவே உள்ளவர்கள் நேராக டோக்கன் வரிசைக்குப் போய்விடலாம். கார்டில் போட்டோ கிடையாது. கவுன்டரில் நம்பரைத் தட்டி டோக்கன் கொடுப்பார்கள், பெயரைக்கூடக் கேட்கமாட்டார்கள்.

தெருவில் முதலில் கார்டு வாங்கியது அப்பா. எங்கள் தெரு அதை ரேஷன் கார்டு போலப் புரிந்துகொண்டது. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பெயர்தான் இருக்கும், சாமான் எல்லாருக்கும். இதிலும் அப்பா பெயர் இருக்கும், வைத்தியம் எல்லாருக்கும். ஒரே ஒரு டாக்டர் மட்டும், ஆண் என்று போட்டிருக்கிறதே என்று எதிர்வீட்டு அத்தையிடம் கேட்டாராம். "எங்கூட்டு பெரியவர் பேர்ல கீது சார்" என்று அத்தை சொல்ல, அவரும் சரி என்று மருந்து எழுதிவிட்டார்.

கார்டு எங்கள் ஃப்ரிட்ஜின் மேல் இருக்கும். காலையில் யாராவது வாசலில் நின்று, கார்டு ஊட்ல கீதா, வெளிய போயிருக்குதா என்று கேட்பார்கள். சாயங்காலம் திரும்பி வரும். வெறுங்கையோடு தருவது மரியாதை இல்லை என்று முருங்கைக்கீரையோ நாலு அதிரசமோ சேர்ந்து வரும். மூலைவீட்டுப் பெரியப்பாவுக்கு அந்தக் கார்டில் போய் மஞ்சள் காமாலை குணமானதிலிருந்து அது ராசியான கார்டாகிவிட்டது. அதன்பிறகு சொந்தக் கார்டு வாங்கியவர்கள்கூடச் சொந்தக் கார்டை பீரோவில் பூட்டிவிட்டு எங்கள் கார்டை வாங்கிக்கொண்டு போனார்கள். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது நானும் அதில்தான் போனேன்.

இந்த லட்சணத்தில்தான் முதல் செமஸ்டரில், நோயாளி ஒருவருக்கு அடையாள எண் ஒன்றே ஒன்று இருக்க வேண்டியதன் அவசியம் என்ற கேள்விக்கு நான்கு பக்கம் எழுதி, வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கினேன். விடைத்தாளை அம்மாவிடம் காட்டிவிட்டு ஃப்ரிட்ஜ் மேல்தான் வைத்தேன். கார்டு அதற்குக் கீழே இருந்தது.

கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட். சர்க்கரை உள்ளவர்களில் யாருக்குச் சிறுநீரகம் கெடப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு புரோகிராம் எழுத வேண்டும். எனக்கு வழிகாட்டிய மேடம், உள்ளூர் ஆஸ்பத்திரி எதிலாவது தகவல் கேட்டுப் பார் என்றார். பைபாஸ் ஆஸ்பத்திரியில் கேட்டேன், கொடுத்தார்கள். பெயர், கார்டு நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வேறு நம்பர் போட்டுத்தான் கொடுத்தார்கள். அடையாளம் என்று வயதும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும் இருந்தது. யார் இந்த நோயாளி என்று கண்டுபிடிக்க முயலமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் போட்டேன்.

ஆயிரக்கணக்கான வரிகளில் ஒரு நோயாளி மட்டும் தனியாகத் தெரிந்தார். ஆண், வயது ஐம்பத்தி இரண்டு. மாதத்துக்கு நாலு தடவையாவது வந்துவிடுகிறார். எடை நாற்பத்தி மூன்று கிலோ, பத்து நாளில் எண்பத்தி எட்டு. ரத்த வகை மூன்று. குடல்வால் ஏற்கெனவே எடுக்கப்பட்டது என்று இரண்டு டாக்டர்கள் இரண்டு வெவ்வேறு வருடங்களைக் குறித்திருந்தார்கள். மார்பு எக்ஸ்ரேயில் தாலிச் சரடின் நிழல் தெரிகிறது, கழற்றிவிட்டு மறுபடி எடுக்கவும் என்று ஒரு குறிப்பு. பிறகு அந்தக் கர்ப்பப் பரிசோதனை, பாசிட்டிவ்.

ரயிலில் உட்கார்ந்து இதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். என் டைபாய்டும் அதே பட்டியலில் இருந்திருக்கிறது. அதையும் பார்த்துத்தான் சிரித்திருக்கிறேன். படித்தவளின் மூளை வேலை செய்த அழகு அது. ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் கார்டுக்கும் லேப்டாப்பில் இருக்கும் நோயாளிக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்று வீடு, மற்றது படிப்பு.

மேடத்திடம் காட்டினேன். டேட்டாவை நன்றாகச் சுத்தம் செய் என்றார். அதற்கு ஒரு விதி எழுதினேன். ஒரே நோயாளியின் எண் முன்னும் பின்னும் சாதாரணமாக இருந்து நடுவில் மட்டும் எகிறினால் அது தப்பு, அந்த வரியை நீக்கிவிடு. விதி பிரமாதமாக வேலை செய்தது. என் விசேஷ நோயாளியிடமிருந்து நிறைய வரிகளை நீக்கியது. கர்ப்பத்தை மட்டும் தொடவில்லை. ஏனென்றால் அது எண் இல்லை, ஆம் இல்லை என்கிற பதில், அதற்கு நான் விதி எழுதவில்லை. நீக்கியதையெல்லாம் மறைக்கக் கூடாது என்பதால் அறிக்கையின் கடைசியில் ஒரு பட்டியலாகச் சேர்த்து, மேலே "நீக்கப்பட்ட பதிவுகள்: நம்பத்தகாதவை" என்று தலைப்புப் போட்டேன். சுத்தம் செய்தபின் புரோகிராமை ஓட்டினால், அந்த ஆளுக்குச் சிறுநீரகக் கோளாறு வர வாய்ப்பே இல்லை என்று வந்தது. இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்து நாளாச்சு என்று மேடம் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிக்குழம்பு. அப்பா காலைத் தூக்கி ஒரு ஸ்டூலில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீக்கத்துக்கு அது நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் என் விசேஷ நோயாளியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். எடையைச் சொன்னேன், அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. தாலிச் சரடைச் சொன்னேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஐம்பத்தி இரண்டு வயது ஆம்பிளை, கர்ப்பம் வேறு என்றேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குழம்புக் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டார்.

"அது மூணாவது ஊட்டு மருமவ. நம்ம கார்டுலதான் போனா. புள்ளைக்கு இப்போ ரெண்டு வயசு ஆவுது" என்றார்.

நான் எழுந்து கையைக் கழுவாமலே லேப்டாப்பைத் திறந்தேன். என் டைபாய்டைத் தேடினேன். முதல் வருடப் பரீட்சைக்கு முந்தின வாரம் அப்படியே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். என் விசேஷ நோயாளி காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதும் எனக்கு உறைத்தது ப்ராஜெக்ட் போச்சே என்பதுதான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. எந்த வரி யாருடையது என்று பிரித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அன்று சாயங்காலமே எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, கார்டில் போனவர்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். பதினேழு பேர் வந்தார்கள். கையெழுத்துப் போட்ட தாள் ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் யாரையும் நான் தேடிப் போகவில்லை, அவர்களாகவே நாற்காலியோடு வந்தார்கள் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தேதி யாருக்கும் தெரியாது. ஆடிக்கூழ் ஊற்றின வாரம், சர்ச்சில் நட்சத்திரம் கட்டின அன்றைக்கு, ஃபர்னஸ் பழுதாகி மூன்று நாள் ஷட்டவுன் விட்டபோது என்றுதான் சொன்னார்கள். நான் காலண்டரைப் புரட்டித் தேதியாக மாற்றிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போயிற்று. சர்க்கரை அளவைப் படிக்க ஆரம்பித்ததும் கெட்டது.

ஆடி இரண்டாவது வாரம், நூற்றிப் பத்து என்றேன். அது என்னுது என்றார் எதிர்வீட்டு அத்தை. மூலைவீட்டுப் பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அந்த வாரம் தான்தான் போனதாகவும், வெறும் வயிற்றோடு போனதாகவும், டாக்டரே தட்டிக்கொடுத்ததாகவும் சொன்னார். அத்தை விடவில்லை. தினமும் வெந்தயம் ஊறவைத்துக் குடித்தவள் நானா நீயா என்று கேட்டார். இரண்டு பேருக்கும் சண்டை வலுத்து, கடைசியில் அந்த நூற்றிப் பத்தை யாருக்கும் இல்லாமல் பொதுவில் வைப்பது என்று முடிவாயிற்று.

அடுத்த வரி முந்நூற்றி நாற்பது. நாற்காலிகள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தன. அது ஒரகடத்துக்குக் குடிபோய்விட்ட வெல்டருடையதாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அதற்குப்பிறகு வந்த முந்நூறுகளும், எகிறின கொழுப்பும், ஒரு மாதிரியான ஈசிஜியும் அந்த வெல்டருக்கே போய்ச் சேர்ந்தன. எனக்குச் சந்தேகம் வந்து அவருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் அந்தக் கார்டில் போனது ஒரே தடவையாம், அதுவும் கண்ணில் இரும்புத்தூள் பட்டதற்கு. "இன்னாத்துக்குக் கேக்கற?" என்றார். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கத்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன். பாவம், அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் அவர் மூன்று நோய்க்குச் சொந்தக்காரராக இருந்தார்.

கடைசியில் மிஞ்சியது நான்கே வரி. சிறுநீரகம் ரத்தத்தைச் சரியாகச் சுத்தம் செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை. ஒன்றரை வருடத்தில் நாலு தடவை. 1.4, 1.7, 2.1, 2.6. ஏறிக்கொண்டே போயிருந்தது. நடுநடுவே மற்றவர்களுடைய 0.8, 0.9 வந்ததால் என் விதி நாலையும் தப்பு என்று நீக்கியிருந்தது. இது யாருடையது என்று கேட்டேன். இந்த முறை சண்டை வரவில்லை. வெல்டர் பெயரையும் யாரும் எடுக்கவில்லை. அந்த நாலு தடவையும் போனது தானா என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்த்து, இல்லை என்றார்கள்.

தேதிகளைக் காலண்டரில் பார்த்தேன். நாலும் புதன்கிழமை.

"புதங்கிழம இவருக்குத்தான லீவு" என்றார் அம்மா.

அப்பா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நேரம் நூற்றிப் பத்துச் சண்டையை ரசித்துக்கொண்டிருந்தவர். நான் அவரைப் பார்த்ததும், ஏதோ தப்புப் பண்ணிவிட்டவர் மாதிரி ஸ்டூலிலிருந்து காலை இறக்கினார்.

"நான்தாம்மா போனேன். ஒவ்வொரு தடவையும் புதுப் புது டாக்டர். ரத்தம் பார்த்துட்டு, கம்ப்யூட்டர்ல பழசையும் பாப்பாங்க. போன மாசம்கூட நல்லாத்தான கீது, இது மெஷின் தப்பு, பயப்படாதீங்கன்னு சொல்வாங்க. நல்லா கீதுன்னு சொன்னா சந்தோஷம்தான? அதான் வந்துட்டேன்."

போன மாதம் நன்றாக இருந்தது எதிர்வீட்டு அத்தை. அதற்கு முந்தின மாதம் நன்றாக இருந்தது நான். டாக்டர்கள் அப்பாவைப் பரிசோதித்து எங்கள் தெருவுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். தெரு சராசரியாக ஆரோக்கியமாகத்தான் இருந்தது. அவர்களைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அவர்கள் அவசரத்தில் செய்ததை நான் ஆறு மாதம் உட்கார்ந்து யோசித்து, விதியாக எழுதி, பாராட்டும் வாங்கியிருந்தேன். அன்று வாசலிலேயே, அத்தனை பேர் முன்னால் அழுதேன். எதிர்வீட்டு அத்தை என் தலையைப் பிடித்துக்கொண்டு, அந்த நூற்றிப் பத்தை உங்க அப்பாவே வெச்சிக்கட்டும் என்றார். அவர் அதை உண்மையாகவே கொடுத்தார்.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோயாளியை அடையாளம் காணக் கூடாது என்று கையெழுத்துப் போட்டாயே என்றுதான் முதலில் கேட்டார். "நான் தேடல மேடம். அவர் எதிர்ல உக்காந்து சாப்ட்டுக்கினு இருந்தாரு" என்றேன். கல்லூரியில் எவ்வளவோ அடக்கி வைத்திருந்த எங்கள் ஊர்ப் பேச்சு அன்று தானாக வந்துவிட்டது. அவர் என் அறிக்கையை மூடி வைத்துவிட்டு, இதை அப்புறம் பார்க்கலாம், முதலில் அவரைக் கூட்டிக்கொண்டு போ என்றார்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சிறுநீரகப் பிரிவில் புதன்கிழமைக்கு நேரம் கிடைத்தது. அன்று காலை நாங்கள் கிளம்பும்போது மூன்றாவது வீட்டு மருமகள் பிள்ளையோடு வாசலில் நின்றாள். பிள்ளைக்குச் சளி. கார்டு வெளியே போகிறதா என்று கேட்டாள். அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பழக்கதோஷத்தில் எடுத்து வைத்திருந்தார். கொடுக்கக் கையை நீட்டி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். ரயில் கவரப்பேட்டை தாண்டும்வரை, குழந்தைக்குச் சளியாச்சே என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அங்கே ஆதார் கொடுத்து, ஓடிபி சொல்லி, போட்டோ எடுத்துப் புது நம்பர் கொடுத்தார்கள். அப்பா பெயரில் அப்பா மட்டும் இருக்கும் முதல் நம்பர். திரையில் பழைய விவரம் ஒன்றுமில்லை என்று வந்தது.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். அப்பாவின் கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டு எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. எத்தனை நாளாக இப்படி, பழைய ரத்த ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இது புதிதா, படிப்படியாக ஏறியதா என்று தெரிந்தால்தான் மருந்தை முடிவு செய்ய முடியும் என்றார். பைபாஸ் ஆஸ்பத்திரிப் பிரிண்ட்அவுட்டைக் கொண்டுவந்திருந்தால் அதில் அவர் கர்ப்பமாக இருப்பார். அதனால் நான் என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொண்டுபோயிருந்தேன். நான்கு வரியின் கீழும் பேனாவால் கோடு போட்டிருந்தேன். அவரிடம் நீட்டினேன்.

அவர் எண்களைப் பார்க்குமுன் தலைப்பைப் படித்தார். நீக்கப்பட்ட பதிவுகள், நம்பத்தகாதவை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதுல யாரும்மா உங்க அப்பா?"

"கோடு போட்டது எல்லாம் அவர்தான் டாக்டர்."

"யார் நீக்கினாங்க?"

அப்பா சாக்ஸை மேலே இழுத்துக்கொண்டே, நான் வாயைத் திறப்பதற்குள் பெருமையாகச் சொன்னார்: "எம் பொண்ணுதான் டாக்டர். இதுக்குன்னே படிச்சிருக்குது."